பெலாரஸில் போட்ட தடை, கோபியில் ஏறிய மூட்டை விலை

2022 ஜூன் மாதம். மஞ்சள் நட்டு முடித்திருந்த வாரம். கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் ஊர் உரக்கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் நின்றிருந்தார். மூன்று ஏக்கர் நேந்திரன் போட்டிருப்பவர். என்னைப் பார்த்ததும் திரும்பினார்.

“ஏனுங்ண்ணா, பொட்டாஷ் மூட்டை ஆயிரத்தி எழுநூறுங்கறாங்க. போன வருசம் ஆயிரத்துக்கு வாங்குனதுங்க. உக்ரைன்ல சண்டைங்கறாங்க. அங்க சண்டை போட்டா இங்க வாழைக்கு எதுக்குங்க வெலை ஏறுது? நீங்க பேங்குல இருந்தவரு, சொல்லுங்க.”

“உலக மார்க்கெட் அப்படி இருக்குதப்பா” என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அது பதில் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அன்று நான் உரக்கடைக்குப் போனது வேடிக்கை பார்க்க இல்லை. என் நாலு ஏக்கரில் மூன்று ஏக்கர் இயற்கை முறைக்கு மாறி அப்போது நாலு வருசம் ஆகியிருந்தது. மஞ்சள் போடும் ஒரு ஏக்கருக்கு மட்டும் வருசா வருசம் ரெண்டு மூட்டை பொட்டாஷ் வாங்கிக்கொண்டிருந்தேன். மகசூல் விழுந்துவிடுமோ என்ற பயம்தான். நம் கூட்டங்களில் இதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்றைக்கு ரெண்டு மூட்டைக்கு 3,400 ரூபாய் என்றதும் வாங்காமல் திரும்பிவிட்டேன். கொள்கைப் பிடிப்பால் நிறுத்தினேன் என்று சொன்னால் பொய். விலைதான் நிறுத்தியது.

அந்த விலை எங்கிருந்து வந்தது என்று அதன் பிறகுதான் தேட ஆரம்பித்தேன். சண்டை தொடங்கியது 2022 பிப்ரவரியில். ஆனால் பொட்டாஷ் விலை அதற்கு ஒரு வருசம் முன்பே ஏறத் தொடங்கிவிட்டது. அதன் பின்னால் இருந்த காரணங்களில் முக்கியமான ஒன்று ‘பொருளாதாரத் தடை’. அது எனக்குப் புதிய சொல் இல்லை. வங்கி வேலையில் ஒன்பது வருசம் அந்நியச் செலாவணிப் பிரிவில் இருந்தவன் நான். தடை என்பதை ஒருமுறை கிட்டத்தில் பார்த்திருக்கிறேன்.

மஞ்சளுக்குத் தடை இல்லை, பணத்துக்குத் தடை

2012இல் ஈரோட்டில் ஒரு கிளையில் இருந்தேன். எங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர் ஈரானுக்கு மஞ்சள் ஏற்றுமதி செய்பவர். ஈரான்காரர்கள் நம் மஞ்சளை நிறைய வாங்குகிறவர்கள். சரக்கு கப்பலில் ஏறும். அதற்கான ஆவணங்களை நாங்கள் அவர்கள் வங்கிக்கு அனுப்புவோம். பணம் டாலரில் வரும். பல வருசமாக ஒழுங்காக நடந்துகொண்டிருந்த வியாபாரம்.

அந்த வருசம் மார்ச் மாதம், அணு உலை விவகாரத்தை வைத்து ஐரோப்பிய ஒன்றியம் எடுத்த முடிவின்படி, ஈரானிய வங்கிகள் ‘ஸ்விஃப்ட்’ அமைப்பிலிருந்து வெட்டப்பட்டன. ஸ்விஃப்ட் என்பது பணத்தைத் தூக்கிச் செல்லும் வண்டி இல்லை. “இவருடைய கணக்கில் இவ்வளவு வரவு வையுங்கள்” என்று ஒரு வங்கி இன்னொரு வங்கிக்குச் சொல்லும் தபால்காரர். பெல்ஜியத்தில் இருக்கிறது. அந்தத் தபால் நின்றுபோனால் பணம் இருந்தும் இல்லாதது மாதிரிதான்.

மஞ்சள் உணவுப் பொருள். அதற்கு யாரும் தடை போடவில்லை. சரக்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது. வாங்கியவரும் பணம் கொடுக்கத் தயார். ஆனால் பணம் வரவில்லை. டாலரில் நடக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் கடைசியில் அமெரிக்க வங்கி ஒன்றின் கணக்கு வழியாகத்தான் போக வேண்டும். ஈரான் என்ற பெயரைப் பார்த்தாலே அந்த வங்கி கையை எடுத்துவிடும்.

அந்த ஏற்றுமதியாளர் தினமும் வந்து என் மேசைக்கு எதிரே உட்காருவார். “சார், இன்னிக்காவது வருங்களா?” என்பார். என்னிடம் பதில் இருக்காது. அவர் மஞ்சளைக் கடனுக்குத்தான் வாங்கியிருந்தார். அவருக்குக் கொடுத்த வியாபாரி காத்திருந்தார். அந்த வியாபாரிக்குக் கொடுத்த விவசாயியும் காத்திருந்தார். விளைந்ததை விற்று முடித்துவிட்டோம் என்று நினைத்திருந்த விவசாயிக்கு, தன் பணம் பெல்ஜியத்தில் எடுத்த ஒரு முடிவினால் நிற்கிறது என்று எப்படித் தெரியும்?

பிறகு ஒரு வழி பிறந்தது. ஈரானிடம் வாங்கும் கச்சா எண்ணெய்க்கான தொகையில் 45 சதவீதத்தை இந்தியா ரூபாயாகவே கொல்கத்தாவில் உள்ள யூகோ வங்கியில் செலுத்தும். அந்த ரூபாயிலிருந்து ஈரானுக்கு அரிசி, தேயிலை முதலியவை அனுப்பும் நம் ஏற்றுமதியாளர்களுக்குப் பணம் போகும். டாலரும் வேண்டாம், நியூயார்க்கும் வேண்டாம். எங்கள் வாடிக்கையாளருக்கும் எட்டு மாதம் கழித்து ஒரு பகுதி வந்தது. ஆனால் அந்த வழியும் நிலைக்கவில்லை. 2019 மே மாதம் அமெரிக்கா கொடுத்திருந்த விலக்கு முடிந்தது. இந்தியா ஈரானிய எண்ணெய் வாங்குவதை நிறுத்தியது. எண்ணெய் வராதபோது ரூபாய்க் கணக்கில் புதிதாகப் பணம் சேரவில்லை. தொட்டியில் இருந்த தண்ணீரை இறைத்து முடித்த மாதிரி அது வற்றிப்போனது. பாஸ்மதி அனுப்பியவர்களும் தேயிலை அனுப்பியவர்களும் மறுபடி பாக்கிக்காகக் காத்திருந்தார்கள்.

பயம்தான் வேலை செய்கிறது

தடை என்றால் கடலில் போர்க்கப்பலை நிறுத்தி மறிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. ஒரு மூட்டை சரக்கு ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போக விற்பவர், வாங்குபவர், ரயில், துறைமுகம், கப்பல், காப்பீடு, வங்கி என்று ஏழெட்டுப் பேர் கையெழுத்துப் போட வேண்டும். அதில் ஒருவர் “எனக்கு எதுக்கு வம்பு” என்று பேனாவை மூடி வைத்தாலே சரக்கு நின்றுவிடும்.

அவர்கள் பயப்படுவதற்குக் காரணம் உண்டு. 2014இல் பிரான்சின் பெரிய வங்கியான பி.என்.பி. பரிபாவுக்கு அமெரிக்கா விதித்த அபராதம் ஏறக்குறைய 890 கோடி டாலர். சூடான், ஈரான், கியூபா நாடுகளின் பணத்தை விதியை மீறிக் கையாண்டது என்பது குற்றச்சாட்டு. வங்கியும் ஒப்புக்கொண்டது. அந்தச் செய்தி வந்த பிறகு எந்த வங்கி அதிகாரி துணிந்து கையெழுத்துப் போடுவார்? நானும் போட்டிருக்க மாட்டேன். ‘இந்தச் சரக்குக்குத் தடை இல்லை’ என்று விதிப் புத்தகத்தில் எழுதியிருந்தாலும், கமிஷனாகக் கிடைக்கும் சில ஆயிரத்துக்காக வேலையைப் பணயம் வைக்க யாரும் தயாராக இல்லை.

காப்பீடும் அப்படித்தான். உலகில் கடலோடும் கப்பல்களின் கொள்ளளவில் ஏறக்குறைய 90 சதவீதத்துக்குப் பொறுப்புக் காப்பீடு தருவது ஒரே குழுமத்தைச் சேர்ந்த ஒரு டஜன் சங்கங்கள். அவற்றில் பல லண்டனைச் சார்ந்தவை. அந்தக் காப்பீடு இல்லாத கப்பலைப் பல துறைமுகங்கள் உள்ளேயே விடாது.

இதை மனதில் வைத்துக்கொண்டு பொட்டாஷுக்கு வருவோம்.

சுரங்கம் ஒரு நாட்டில், துறைமுகம் இன்னொரு நாட்டில்

பொட்டாஷ் தொழிற்சாலையில் தயாரிக்கும் யூரியா மாதிரி இல்லை. பழங்காலக் கடல்கள் வற்றிப் பூமிக்கடியில் படிந்த உப்பு. பெரும்பாலும் சுரங்கம் வெட்டித்தான் எடுக்க வேண்டும். அது எல்லா நாட்டிலும் கிடைப்பதில்லை. கனடா, ரஷ்யா, பெலாரஸ் என்ற மூன்று நாடுகள் உலக உற்பத்தியில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு வைத்திருந்தன. இந்தியா தன் தேவைக்கான மூரியேட் ஆஃப் பொட்டாஷை முழுக்க முழுக்க இறக்குமதி செய்கிறது. தூத்துக்குடி மாதிரித் துறைமுகங்களில் கப்பலில் வந்து இறங்கும் சரக்குதான் நம்ம ஊர் மூட்டைக்குள் இருப்பது.

பெலாரஸ் கடற்கரையே இல்லாத நாடு. அங்கே சோலிகோர்ஸ்க் என்ற ஊரைச் சுற்றிய சுரங்கங்களில் ‘பெலாருஸ்காலி’ என்ற அரசு நிறுவனம் பொட்டாஷ் எடுக்கிறது. உலகச் சந்தையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அவர்களுடையது. அந்தச் சரக்கு ரயிலேறிப் பக்கத்து நாடான லிதுவேனியா வழியாகப் போய், பால்டிக் கடலோரம் உள்ள கிளைப்பேடா துறைமுகத்தில் கப்பல் ஏறும். வருசத்துக்கு ஒரு கோடி டன் அளவு. அங்கிருந்துதான் இந்தியாவுக்கும் பிரேசிலுக்கும் சீனாவுக்கும் போனது.

2020 ஆகஸ்டில் அந்த நாட்டில் தேர்தல் நடந்தது. லுகாஷென்கோ மறுபடி வென்றதாக அறிவித்தார்கள். முறைகேடு என்று மக்கள் தெருவில் இறங்கினார்கள். ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்து உள்ளே போட்டார்கள். 2021 மே மாதம், கிரீஸிலிருந்து லிதுவேனியாவுக்குப் போய்க்கொண்டிருந்த பயணிகள் விமானத்தைப் பாதி வழியில் மின்ஸ்க் நகரில் இறங்க வைத்து, அதிலிருந்த எதிர்த்தரப்புப் பத்திரிகையாளர் ஒருவரைக் கைது செய்தார்கள். மேலை நாடுகள் கொதித்தது நியாயம்தான். அந்த அரசுக்குப் பணம் வரும் வாசல்களில் பெரியது பொட்டாஷ் என்பதால், அதை அடைக்கப் பார்த்தார்கள்.

2021 ஆகஸ்டில் அமெரிக்கா பெலாருஸ்காலி மீது தடை அறிவித்து, நடந்துகொண்டிருக்கும் வியாபாரத்தை முடித்துக்கொள்ள டிசம்பர் வரை அவகாசம் கொடுத்தது. டிசம்பரில் அதன் விற்பனை நிறுவனம் மீதும் தடை வந்தது. ஆனால் அவகாசம் முடிந்த பிறகும் லிதுவேனியா வழியாக ரயில் ஓடிக்கொண்டிருந்தது. ரயில்வேக்கு முன்பணம் வந்திருந்தது, ஒப்பந்தமும் இருந்தது. தடைக்கு ஆதரவாகப் பேசும் நாட்டிலேயே தடைபட்ட சரக்கு ஓடுகிறதே என்று அங்கே பெரிய சர்ச்சையானது. அமைச்சர்கள் இருவர் ராஜினாமா செய்ய முன்வந்தார்கள். கடைசியில் 2022 பிப்ரவரி 1 முதல் லிதுவேனிய அரசு அந்த ரயில் ஒப்பந்தத்தை ரத்து செய்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சுரங்கத்தில் உப்பு குறையவில்லை. வெட்டும் ஆளும் இயந்திரமும் இருந்தது. வாங்குகிற நாடுகளும் இருந்தன. நடுவில் ஒரு ரயில் பாதை நின்றது. சரக்கு அனுப்ப முடியாத நிலை என்று பெலாருஸ்காலி அறிவித்தது. மூன்று வாரம் கழித்து உக்ரைன் போர் தொடங்கியது. தெற்கே உக்ரைன் வழியும் இல்லை. மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் பெலாரஸ் பொட்டாஷ் இறக்குமதியையே தடை செய்தது.

மூட்டைக் கணக்கு

2021 தொடக்கத்தில் இந்தியா பெலாரஸிடம் போட்ட ஒப்பந்த விலை டன்னுக்கு 247 டாலர். 2022 தொடக்கத்தில் கனடாவுடனும் இஸ்ரேலுடனும் போட்ட ஒப்பந்தம் 590 டாலர். ஒரே வருசத்தில் ரெண்டு மடங்குக்கும் மேல். ஒப்பந்தம் இல்லாமல் அன்றன்றைய விலைக்கு வாங்கிய பிரேசிலில் ஆயிரம் டாலரையும் தாண்டியது.

எல்லாப் பழியையும் தடையின் தலையில் போடுவது நியாயம் ஆகாது. கொரோனாவுக்குப் பிறகு கப்பல் வாடகை ஏறியிருந்தது. தானிய விலை ஏறியதால் எல்லா நாடுகளிலும் உரத்துக்குத் தேவை கூடியிருந்தது. ஆனால் ஐந்தில் ஒரு பங்கு சரக்கு சந்தைக்கு வருமா வராதா என்ற சந்தேகம் வந்தாலே, மற்ற நாலு பங்கு வைத்திருப்பவர் விலையை ஏற்றிவிடுவார். நம்ம ஊர் மண்டியில் ஒரு லாரி வரவில்லை என்றால் நடப்பதுதான் அங்கேயும் நடந்தது. கனடாவின் நியூட்ரியன் நிறுவனம் 2021இல் சுமார் 320 கோடி டாலர் லாபம் பார்த்தது. 2022இல் அது 770 கோடி டாலர் ஆனது.

சரி, நம் பக்கம் என்ன ஆனது? யூரியா விலையை அரசு கட்டுக்குள் வைத்திருக்கிறது. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. பொட்டாஷ் அப்படி இல்லை. 2010 முதல் சத்தின் அளவுக்கு ஏற்ப ஒரு மானியத்தை அரசு கொடுக்கும். மீதி விலையைக் கம்பெனி வைக்கும். அதனால் வெளிநாட்டில் ஏறியதில் பெரும்பகுதி நேராக மூட்டை மேல் வந்து உட்கார்ந்தது.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நேந்திரனுக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை மரம் ஒன்றுக்கு 300 கிராம் சாம்பல் சத்து. பொட்டாஷில் அது 60 சதவீதம் என்பதால், மரத்துக்கு அரைக் கிலோ. ஏக்கருக்கு ஆயிரம் மரம் என்று வைத்தாலே 500 கிலோ, பத்து மூட்டை. மூட்டைக்கு 700 ரூபாய் ஏறினால் ஏக்கருக்கு 7,000. மூன்று ஏக்கருக்கு 21,000 ரூபாய். பெலாரஸ் எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஒருவர், அந்த நாட்டு ஜனாதிபதிக்குப் போட்ட தண்டத்தில் தன் பங்காக 21,000 கட்ட வேண்டியிருந்தது. அவர் கட்டவில்லை. பாதிப் பொட்டாஷோடு நிறுத்திவிட்டார். விலை மலிவான யூரியாவை ஒரு கை கூடப் போட்டார். அந்த வருசம் தார் மெலிந்தது. காய் திரட்சி இல்லை என்று வியாபாரி விலையையும் குறைத்தார்.

அவர் மட்டும் இல்லை. 2020-21இல் நாட்டில் 34 லட்சம் டன் விற்ற பொட்டாஷ், 2022-23இல் 16 லட்சம் டன்னாகப் பாதிக்கும் கீழே போனது. அதே வருசம் யூரியா 350 லட்சம் டன்னுக்கு மேல் விற்றது. எங்கேயோ போட்ட தடை நம் மண்ணில் தழைச்சத்தை ஏற்றி, சாம்பல் சத்தை இறக்கி, சமநிலையைக் கெடுத்துவிட்டது.

தடை இல்லாத உரமும் நின்ற கதை

ரஷ்ய உரத்துக்குத் தடை இல்லை என்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எழுத்தில் அது உண்மை. ஆனால் ரஷ்ய உரக் கம்பெனிகளின் பெரும் பணக்கார முதலாளிகள் சிலர் தடைப் பட்டியலில் இருந்தார்கள். ரஷ்யாவின் விவசாய வங்கியும் 2022 ஜூனில் ஸ்விஃப்டிலிருந்து வெட்டப்பட்டது. விளைவு, சுமார் 2,60,000 டன் ரஷ்ய உரம் ஐரோப்பியத் துறைமுகக் கிடங்குகளில் மாதக்கணக்கில் கிடந்தது. என் மஞ்சள் வியாபாரி கதைதான், அளவுதான் பெரிது.

கடைசியில் அந்த உரத்தை ஏழை நாடுகளுக்கு இலவசமாகக் கொடுப்பது என்று முடிவாகி, ஐக்கிய நாடுகள் சபையின் உலக உணவுத் திட்டம் நடுவில் நின்றது. முதல் 20,000 டன் 2022 நவம்பரில் நெதர்லாந்திலிருந்து கிளம்பியது. மொசாம்பிக் நாட்டின் பெய்ரா துறைமுகத்தில் இறங்கி, மலாவி நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அடுத்த வருசம் பிறந்துவிட்டது. மலாவியில் மக்காச்சோளம் விதைப்பது நவம்பர், டிசம்பரில். விதைத்துப் பயிர் வளர்ந்த பிறகு வந்த உரத்தால் அந்த விவசாயிக்கு என்ன பயன்? இலவசம்தான், ஆனால் பருவம் தப்பிவிட்டது.

சுற்றுவழி எப்போதும் உண்டு

தண்ணீரை அடைத்தால் வேறு பக்கம் உடைத்துக்கொண்டு போகும். பெலாரஸ் பொட்டாஷும் போனது. ரஷ்யத் துறைமுகங்கள் வழியாகவும், ரயிலில் சீனாவுக்கும் போக ஆரம்பித்தது. 2022இல் பெருமளவு விழுந்த ஏற்றுமதி அடுத்தடுத்த வருசங்களில் மேலே வந்தது. தூரம் கூடியது, செலவு கூடியது, பெலாரஸ் முன்னைவிட அதிகமாக ரஷ்யாவின் கைக்குள் போனது. 2025 டிசம்பரில், அரசியல் கைதிகளின் விடுதலையை ஒட்டி, பொட்டாஷ் மீதான தடையை நீக்குவதாக அமெரிக்கா அறிவித்தது.

நாமும் சுற்றுவழி தேடினோம். 2022-23இன் முதல் பாதியில் இந்தியாவுக்கு உரம் அனுப்பும் நாடுகளில் ரஷ்யா முதலிடத்துக்கு வந்தது. இலங்கை இன்னொரு வழி கண்டது. ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கு 25.1 கோடி டாலர் பாக்கி. டாலரில் கட்ட வழியில்லை. மாதம் 50 லட்சம் டாலர் மதிப்புக்குத் தேயிலையாகக் கட்டுவதாக 2021 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டார்கள். மலையகத்தில் நம் தமிழ்ப் பெண்கள் கிள்ளிய கொழுந்து, எண்ணெய்க் கடனைத் தீர்க்கப் போனது. பண்டமாற்று என்று நாம் பழைய கதையாகப் பேசுவது இந்தக் காலத்திலும் நடக்கிறது.

என் ஒரு ஏக்கரில் நடந்தது

வங்கியில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. எல்லாக் கடனையும் ஒரே ஆளுக்குக் கொடுக்காதே. அவன் நல்லவனாகவே இருந்தாலும் கொடுக்காதே. முப்பது வருசம் ஊருக்கெல்லாம் இதைச் சொன்னவன், என் மஞ்சள் வயலின் ஒரு சத்தை மூன்று நாட்டுச் சுரங்கத்தின் மேல் வைத்திருந்தேன்.

இன்னொரு கேவலமும் உண்டு. அதுவரை மண் பரிசோதனையில் சாம்பல் சத்து எவ்வளவு என்று நான் பார்த்ததே இல்லை. கணக்கில் இருப்பு எவ்வளவு என்று பார்க்காமலே கடன் வாங்கிக்கொண்டிருந்தேன். 2022 ஜூலையில் பரிசோதித்தபோது, சாம்பல் சத்து நடுத்தரத்துக்கும் மேலேயே இருந்தது.

அந்த வருசம் செய்தது இவ்வளவுதான். வாழை வெட்டிய பிறகு வேலி ஓரம் தள்ளிவிடும் தண்டு மட்டைகளைத் துண்டு துண்டாக வெட்டி மஞ்சள் பாத்தியில் மூடாக்காகப் போட்டேன். வாழை உறிஞ்சிய சாம்பல் சத்தில் பெரும்பகுதி அந்தத் தண்டிலும் இலையிலும்தான் நிற்கிறது. தாரோடு போவது ஒரு பகுதியே. கூடவே மாட்டுக் கோமியம் கலந்த ஜீவாமிர்தம், தொழுவுரத்தோடு கலந்த பொட்டாஷ் பாக்டீரியா. மண்ணில் கரையாமல் கிடக்கும் சத்தைச் செடிக்கு எடுத்துக் கொடுக்கும் நுண்ணுயிர் அது. அடுப்புச் சாம்பலும் கொஞ்சம் போட்டேன். சாம்பலில் கவனம் தேவை. களர் மண்ணில் போடக் கூடாது. சாணக் குப்பையோடு சேர்த்துக் குவித்தால் தழைச்சத்து ஆவியாகப் போய்விடும்.

மகசூலை மறைக்காமல் சொல்கிறேன். பொட்டாஷ் போட்ட கடைசி வருசம் 22 குவிண்டால் காய்ந்த மஞ்சள். நிறுத்திய முதல் வருசம் 17. வீட்டில், “பயந்த மாதிரியே ஆயிப்போச்சுங்களே” என்றார்கள். ரெண்டாம் வருசம் 19. மூன்றாம் வருசம் 20. 22ஐ இன்னும் தொடவில்லை. ஆனால் உரக்கடை வாசலில் நின்று யார் யாரோடு சண்டை என்று கேட்கும் வேலை இல்லை.

அவசரமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

இதைப் படித்துவிட்டு, நாளைக்கே எல்லாவற்றையும் நிறுத்துங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இலங்கை அரசு 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் நிறுத்தியது. அது வெளியார் போட்ட தடை இல்லை, தானே போட்டுக்கொண்டது. மாற்று உரம் கையில் இல்லை, மண்ணைத் தயார் செய்யவில்லை. நெல்லும் தேயிலையும் விழுந்தன. நவம்பரில் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். அதில் கெட்ட பெயர் வந்தது இயற்கை விவசாயத்துக்கு.

நம் கூட்டங்களில் கியூபாவைப் பெருமையாகப் பேசுவோம். பேசலாம். 1962 முதல் அமெரிக்கத் தடைக்குள் இருக்கும் நாடு. 1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்ததும் உரமும் டீசலும் நின்றுபோயின. 1992இல் அமெரிக்கா இன்னொரு சட்டம் போட்டது. கியூபாவுக்குச் சரக்கு கொண்டுபோன கப்பல் 180 நாட்களுக்கு அமெரிக்கத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றவோ இறக்கவோ கூடாது. எந்தக் கப்பல்காரர் துணிந்து போவார்? அந்த நெருக்கடியில்தான் நகரத்துக் காலி மனைகளிலெல்லாம் இயற்கைக் காய்கறித் தோட்டம் போட்டார்கள். உலகமே பாராட்டியது. ஆனால் அவர்கள் இன்றும் உணவில் பெரும்பகுதியை இறக்குமதிதான் செய்கிறார்கள். பட்டினி துரத்தும்போது கற்றுக்கொள்வது கஷ்டமான படிப்பு. வயிறு நிறைந்திருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்வது நல்லது.

இயற்கை விவசாயிகளான நாமும் இந்தச் சங்கிலிக்கு வெளியே இல்லை. உழவுக்கு டீசல், சொட்டுநீர்க் குழாய்க்கு பிளாஸ்டிக், மஞ்சள் அடைக்கப் பை, எல்லாம் கச்சா எண்ணெயிலிருந்து வருபவை. ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கி விற்பவருக்குப் பணம் வருவதும் அதே ஸ்விஃப்ட் வழியாகத்தான்.

அதனால் ஒரு வேண்டுகோள். ஒரு நோட்டில் உங்கள் தோட்டத்துக்கு வெளியிலிருந்து வரும் பொருட்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது எங்கிருந்து வருகிறது, ஒரு வருசம் வராமல் போனால் என்ன செய்வேன் என்று எழுதுங்கள். பதில் இல்லாத வரி எதுவோ, அதில் வேலையைத் தொடங்குங்கள். எனக்கு அது பொட்டாஷாக இருந்தது. இப்போது டீசல் வரிக்கு எதிரே இடம் காலியாக இருக்கிறது.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் இன்னும் பொட்டாஷை விடவில்லை. ஏக்கருக்குப் பத்து மூட்டை போட்டவர் இப்போது நாலு மூட்டை போடுகிறார். வெட்டிய வாழைத் தண்டை வெளியே தள்ளுவதில்லை. போன மாதம் வரப்பில் பார்த்தபோது கேட்டார், “ஏனுங்ண்ணா, மூட்டை வெலை எறங்குனாலும் இதையே செய்யலாமுங்களா?”

“அப்பத்தான் செய்யோணும்ப்பா” என்றேன்.